கதிரையைத் தூக்கியவனுக்கு

“மாஸ்டர், உப்புத் தண்ணி கறண்ட் கடத்துமோ?”

நீ என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. இன்று காலை அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

வெள்ளம் வடிந்து ஒரு கிழமையாகிறது. சுகாதாரப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் ஒழுங்கைக் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் தூள் போட்டார்கள். வாளியில் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றிவிட்டு, “இண்டைக்கு அள்ளாதேங்கோ ஐயா, நாளைக்கு அள்ளலாம்” என்று சொல்லிப் போனார்கள். அந்த மணம் முற்றம் முழுக்க நின்றது. அந்த நேரம் பார்த்து உன் மனைவி கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கிணற்றடியைத் தாண்டும்போது நடையை நிறுத்தி, முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்தினார்.

“மாஸ்டர், இது என்ன மணம்?” என்று கேட்டார். “அவங்கட சட்டையில கடைசி நாள் இந்த மணம்தான் இருந்திச்சு.”

நான் அவருக்கு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல், நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை எல்லாம் வரிசையாகச் சொல்லவேண்டும். நீ குறுக்கே பேசாமல் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

மூன்று வருடத்துக்கு முந்தி, டீசலுக்கு வரிசையில் கிடந்த காலம். வவுனியாவில் எண்ணெய்க் கடை வாசலில் தொடங்கி ரெயில் கடவை வரைக்கும் லொறிகள். நீ உன் லொறிக்குக் கீழே பாரம் மூடும் படங்கை இரண்டாக மடித்து விரித்து மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தாய். நான் சைக்கிளில் சோற்றுப் பார்சல் கொண்டு வந்தேன். நீ படுத்தபடியே வாயைத் திறந்தாய், ஊட்டச் சொல்லி.

“டேய் மாஸ்டர், எட்டாம் வகுப்பில தண்ணிக்குள்ள எரியிற காத்து இருக்கெண்டு படிச்சமே. அது உண்மையோ, இல்லாட்டி வாத்திமார் சும்மா அவிட்டு விட்டதோ?”

“உண்மைதான். ஐதரசன்.”

“அப்ப நான் ஏன் இதில படுத்துக் கிடக்கிறன்?”

முல்லைத்தீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நீ எட்டாம் வகுப்போடு உன் வாப்பாவின் லொறியில் ஏறிவிட்டாய். நான் படித்து, படிப்பித்து, ஓய்வு பெற்று, சாய்மனைக் கதிரையில் வந்து விழுந்தேன். இடையில் இடம்பெயர்ந்து ஆளுக்கொரு திக்கில் இருபது வருடத்துக்கு மேல் போனது. வவுனியாச் சந்தையில் நீ என்னைக் கண்டபோது, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாய். “என்னட்டை வாங்கின பென்சில் எங்கையடா?” என்றாய்.

அதனால் உன் கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை என் குசினியில் ஒரு ஜாம் போத்தல், இரண்டு எவர்சில்வர் கரண்டி, உன் பழைய பற்றரி. தண்ணீரில் கொஞ்சம் கோஸ்ரிக் சோடா கரைத்தேன். கரண்டிகளிலிருந்து குமிழிகள் நூல் பிடித்தாற்போல எழும்பின. அவற்றைச் சவர்க்கார நுரைக்குள் பிடித்து, நெருப்புக் குச்சியைக் காட்டினேன். ‘படார்’ என்றது. நீ துள்ளி எழும்பி அலுமாரியில் தலையை இடித்துக்கொண்டு, தலையைத் தடவியபடியே கை தட்டினாய்.

எவர்சில்வர் தகடு வேண்டும் என்றேன். கோஸ்ரிக் சோடா வேண்டும் என்றேன். நெருப்புக் கிட்ட வரக்கூடாது என்றேன். எதைப் போடவேண்டும் என்று சொன்னேன். எதைப் போடக்கூடாது என்று சொல்லவில்லை. நீ கேட்கவுமில்லை.

யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து, தடித்த பிளாஸ்ரிக் போத்தலும் தகடுகளுமாக நீயே ஒன்றைச் செய்தாய். வெளியில் வைத்தால் களவு போய்விடும் என்று ஓட்டுநர் கதிரைக்குப் பின்னால் அதைக் கட்டினாய். அதிலிருந்து ஒரு குழாய் எஞ்சின் மூச்செடுக்கும் பைப்புக்குப் போனது. முதல் தடவை பிழையாகப் போனது. டர்போ என்பது எஞ்சினின் நெஞ்சுக்குள் காற்றை அடித்து இறக்கும் விசிறி. அது காற்றை இழுக்கும் பக்கத்தில் செருகவேண்டிய குழாயை நீ தள்ளும் பக்கத்தில் செருகிவிட்டாய். பாரத்தோடு லொறி இழுத்தபோது காற்று திரும்பிப் போத்தலுக்குள் வந்து மூடியை எறிந்தது. கோஸ்ரிக் தண்ணீர் தெறித்து நீ இடுப்பில் கட்டியிருந்த சாரம் சல்லடையானது.

அந்தச் சாரத்தோடேயே தேத்தண்ணிக் கடைக்கு வந்தாய். ஓட்டைகளை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாய். உனக்கு அது பெருமை. நான் அங்கே இருந்தேன். பத்துப் பேர் இருந்தார்கள்.

“குழாய் மாறிப்போச்சு, அவ்வளவுதான். இனிப் பாரன், டீசல் கால்வாசி மிச்சம் பிடிக்கிறன்” என்றாய்.

“உந்தக் காத்தை என்னத்தாலை பிரிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“பற்றரியால.”

“பற்றரிக்கு ஆர் குடுக்கிறது?”

“டைனமோ.”

“டைனமோவை ஆர் சுத்துறது?”

“எஞ்சின்தான்.”

“எஞ்சினுக்கு?”

“டீசல்” என்றாய், குரல் இறங்கி.

“எழும்பாதை. இருந்தபடியே இரு. ரெண்டு கையாலையும் கதிரையைப் பிடி. பிடிச்சிட்டியோ? இப்ப கதிரையை உன்னோட சேர்த்து மேல தூக்கு.”

ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி பிடித்தாய். பிடித்து இழுத்தாய். கழுத்து நரம்பு புடைத்தது.

“வருகுது, வருகுது, விடாதை நானா!” என்றது ஒரு குரல்.

“காலைக் கழட்டு, பாரம் குறையும்!” என்றது இன்னொன்று.

கடைக்காரர் சிரிப்புத் தாங்காமல் வடித்துணியால் கண்ணைத் துடைத்தார். நீ இரண்டாம் தரமும் இழுத்தாய். பிறகு இருமல் வந்துவிட்டது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, இழுப்பு வருத்தம். இருமி முடிந்து நிமிர்ந்தபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை. கைகள் மட்டும் கதிரையை விடாமல் பிடித்திருந்தன.

நான் சொன்னது சரி. இதில் மிகக் கேவலமானதும் அதுதான். எஞ்சின் போட்டதை எஞ்சினே எடுத்துத் தின்று கொழுக்காது. படிப்பித்த காலம் முழுக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்கு வாய்க்கவில்லை. அதை என் குசினியில் ஒரு கடதாசியில் கீறிக் காட்டியிருக்கலாம். நீ தலையைச் சொறிந்து, “அட, ஓமடா” என்று சொல்லியிருப்பாய். ஆனால் குசினியில் நீ ஒருவன்தான். கடையில் பத்துப் பேர். வகுப்பில்லாத ஆசிரியனுக்குப் பத்துப் பேர் ஒன்றாகக் கிடைப்பது இலேசில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடையில் உனக்குப் பேர் ‘கதிரை’. “என்ன கதிரை, லொறி தண்ணியில ஓடுதோ?” என்பார்கள். நீ தேத்தண்ணியை நின்றபடியே குடிக்கத் தொடங்கினாய். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அந்தக் கதையைப் பல இடத்தில் சொன்னேன்.

ஆனால் நீ போத்தலைக் கழற்றவில்லை. குழாயைச் சரியான பக்கத்துக்கு மாற்றினாய். ஒரு நாள் என் கேற்றடியில் லொறியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயில் பிடித்த வெள்ளை லேஞ்சி ஒன்றைக் கொண்டுவந்தாய்.

“பார் மாஸ்டர், முந்தியெண்டா கரியாப் போயிருக்கும்.”

லேஞ்சியில் மெல்லிய சாம்பல் நிறம்தான் இருந்தது. உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கலாம். அளந்து பார்த்திருக்க வேண்டும். அப்படித்தான் பிள்ளைகளுக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொன்னது, “தோய்ச்சுக் கொண்டு வந்தனியோ?”

நீ லேஞ்சியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ கேட்டதெல்லாம், கேட்டால் யாரும் சிரிக்க முடியாத கேள்விகள். மழை வருமோ. இண்டைக்கு என்ன கிழமை. ஓம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள்.

அப்படித்தான் அன்று முற்பகல் பத்து மணிபோல் ஆனையிறவிலிருந்து போன் எடுத்தாய். உப்பு ஏற்றப் போயிருந்தாய். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“மாஸ்டர், உப்புத் தண்ணி கறண்ட் கடத்துமோ?”

“கடத்தும். ஏன், கதிரையைத் தூக்கப் போறியோ?”

நீ மெல்லச் சிரித்தாய். “சரி, வைக்கிறன்” என்றாய்.

‘ஏன்’ என்று கேட்டேன் பார். கேட்டது பதிலுக்காக இல்லை.

மற்றதெல்லாம் உப்பு மூட்டை ஏற்றியவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளமும் திட்டியுமான வழியில் போத்தல் சரிந்து முக்கால்வாசி ஊற்றுப்பட்டிருந்தது. வெறும் தண்ணீர் விட்டாய், குமிழி வரவில்லை. கோஸ்ரிக் சோடா கையில் இல்லை. சுற்றி எங்கே பார்த்தாலும் உப்புப் பாத்தி. என்னிடம் கேட்டாய், நான் ‘கடத்தும்’ என்றேன், நீ பாத்தித் தண்ணீரை அள்ளி நிரப்பினாய். வாழ்நாளில் காணாத அளவுக்குக் குமிழி வந்ததாம். “எங்கட மாஸ்டர் மாஸ்டர்தான்” என்று அந்த ஆளிடம் சொன்னாயாம்.

உப்புத் தண்ணீர் கடத்தும். கடத்தும்போது ஒரு தகட்டில் ஐதரசன் வரும். மற்றத் தகட்டில் குளோரின் வரும். இதை நான் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டினேன். “யன்னலைத் திறவுங்கோ, கையால விசுக்கி மெல்ல மணந்து பாருங்கோ” என்பேன். “கிணத்து மருந்து மணக்குது சேர்” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். பத்தாம் வகுப்புப் பாடம். நீ எட்டாம் வகுப்போடு போனவன்.

அன்று கிளிநொச்சி தாண்டியதும் மழை. நீ கண்ணாடிகளை ஏற்றிவிட்டாய். பொங்கிய போத்தல் மூடியின் விளிம்பால் கசிந்திருக்கும். கண் எரிந்திருக்கும், தொண்டை எரிந்திருக்கும். தொய்வு என்று நினைத்திருப்பாய். படங்குக்குக் கீழே உப்பு, நனைந்தால் போச்சு. நிற்காமல் வந்தாய்.

இரண்டு மணிக்கு உன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார். “மாஸ்டர், இவங்களுக்கு மூச்சு முட்டுது. லொறிக்குள்ள ஏதோ காத்துச் செய்யிற போத்தல் வச்சிருக்காங்க எண்டு சொன்னன். அது என்ன காத்தெண்டு டொக்டர் கேக்கிறார். உங்களுக்குத்தான் தெரியும்.” போனை டொக்டரிடம் கொடுத்தார். சின்னக் குரல், களைத்த குரல். நான் தெளிவாக, அழகாக விளங்கப்படுத்தினேன். கோஸ்ரிக் சோடாக் கரைசலின் மின்பகுப்பு. ஐதரசன் இலேசானது, மேலே போய்விடும். ஒட்சிசன் நாங்கள் மூச்செடுப்பது. “நஞ்சு ஒண்டும் இல்லை டொக்டர்.” அவர் நன்றி சொன்னார். பழைய தொய்வுக்காரன் என்று உனக்கு ஆவி பிடிக்க வைத்து, குளிசை தந்து, வீட்டுக்கு அனுப்பினார். நான் சொன்னதை நம்பி அனுப்பினார்.

பின்னேரம் கஞ்சிக்கு உப்புப் போடக் கரண்டியை எடுத்தேன். அப்போதுதான் உன் காலைக் கேள்வி வந்து நின்றது.

உடனே போன் எடுத்தேன். அதுவரைக்கும் நான் மனிதன்தான்.

“இப்பதான் கண்ணயர்ந்தாங்க மாஸ்டர்” என்றார் உன் மனைவி. “இருமல் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னாங்க. ‘கதிரையைத் தூக்கிட்டன் எண்டு மாஸ்டருக்குச் சொல்லு’ எண்டாங்க. எனக்கு ஒண்டும் விளங்கயில்ல.”

எனக்கு விளங்கியது. நீ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாய், குமிழியும் வந்திருக்கிறது. குளோரின் குடித்த நெஞ்சு சில மணி நேரம் ஆறியதுபோல் ஏமாற்றிவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டும் என்பதும் எனக்குத் தெரியும். ‘எழுப்புங்கோ, ஆட்டோ பிடிச்சுத் திரும்பக் கொண்டு போங்கோ, நான் டொக்டருக்குப் பிழையாச் சொல்லிப் போட்டன்.’ இவ்வளவுதான் சொல்லவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. மத்தியானம் அவ்வளவு அழகாக விளங்கப்படுத்திய வாய்.

“சரி, படுக்கட்டும்” என்றேன். “காலமை வந்து பாக்கிறன்.”

காலையில் நான் சைக்கிளை உன் வாசலில் சாத்தும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது.

திடீர் மரண விசாரணைக்கு வந்தவரிடமும் எல்லோரும் தொய்வு என்றே சொன்னார்கள். அவர் என்னிடமும் கேட்டார். சின்ன வயதிலிருந்தே தொய்வு என்றேன். அது பொய்யில்லை. உங்கள் வழக்கப்படி உன் மையித்தை நெடுநேரம் வைத்திருக்கவில்லை. மத்தியான லுஹர் தொழுகையோடு எடுத்தார்கள். என்னையும் மூன்று பிடி மண் போட விட்டார்கள். மூன்றாவது பிடி போடும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, இனி யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிம்மதி. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

மூன்றாம் நாள் லொறியைத் துப்புரவாக்குகிறேன் என்று உன் மனைவியிடம் லொறிக் கதவின் திறப்பை வாங்கினேன். போத்தல் மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. தகடுகள் அரித்து, அடியில் செம்மண் போலச் சேறு. அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். உன் மனைவி திறப்பைத் திரும்ப வாங்கும்போது சொன்னார்: “நீங்க இல்லாட்டி அண்டைக்கு டொக்டருக்கு ஒண்டும் விளங்கியிருக்காது மாஸ்டர்.” ஒவ்வொரு நோன்புக்கும் எனக்குக் கஞ்சி வந்தது. நான் குடித்தேன்.

இன்று காலை அவரை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னேன். போத்தலை எடுத்துவந்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் இதே வரிசையில் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் அழவில்லை. ஏசவில்லை. போத்தலைப் பார்த்தபடியே கேட்டார்:

“அப்ப, அண்டைக்குப் பின்னேரம் நான் எழுப்பியிருந்தா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குற்றம் முழுவதையும் என் தலையில் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்ற ஒருவகைப் பெருமிதத்தோடுதான் தொடங்கினேன். அவர் அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உங்களில பிழையில்லை. எழுப்பச் சொல்லாதது நான்” என்றேன்.

“அது விளங்குது மாஸ்டர். நான் கேட்டது வேற. எழுப்பிக் கொண்டு போயிருந்தா இருந்திருப்பாங்களோ?”

“இருந்திருக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார். இனிமேல் அந்தப் பின்னேரம் அவருக்கும் உண்டு. மூன்று வருடமாக நிம்மதியாகத் தூங்கிய மனுசி அவர். அந்தத் தூக்கத்தை எடுத்துக்கொண்டு என் பாரத்தை இறக்கி வைத்தேன். மறைத்ததும் எனக்காகத்தான், சொன்னதும் எனக்காகத்தானோ என்று இப்போது யோசிக்கிறேன். இதற்கு என்னிடம் உதாரணம் இல்லை.

பிறகு கேட்டார்: “கதிரையைத் தூக்கிட்டன் எண்டாங்களே. அது என்ன கதிரை?”

கடையில் நடந்தது கடையோடு நின்றிருக்கிறது. நீ வீட்டில் சொல்லவே இல்லை. நான் வரிசையாகச் சொன்னபோது அந்த ஒரு இடத்தை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. சொன்னேன். பத்துப் பேர், சாரத்து ஓட்டைகள், இரண்டாம் தரம் நீ இழுத்தது, இருமல் எல்லாம். அவர் தான் இருந்த கதிரையின் கையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு எழும்பி நின்றார். நான் முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார். போத்தலை முக்காட்டுத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு, கிணற்றடியால் போகாமல் வேலியோரமாகச் சுற்றிப் போனார். இனி இந்த வீட்டுக் கதிரையில் அவர் இருக்கமாட்டார். கஞ்சியும் வராது.

அலுமாரியில் போத்தல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு துருக்கறை இருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. எனக்கு மிஞ்சியது அதுவும், “சரி, வைக்கிறன்” என்ற உன் குரலும்தான். நீ அதைச் சொல்லமுன் கொஞ்சம் தயங்கினாய். ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், “போத்தலுக்கு ஊத்தத்தான்” என்று நீயே சொல்லியிருப்பாய்.

உனக்கு எழுதியதை வேறு யாரும் வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை ஒருவர் உங்களிடம் ஓம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும் சின்னக் கேள்வி கேட்டால், பதில் சொல்லமுன் “ஏன் கேக்கிறியள்?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.